வாடகை வீட்டு பிளம்பிங்: ஓனருங்க திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

மூணு வீடு வாடகைக்கு விட்டிருக்கேன், அதுல ஒண்ணு ரொம்பப் பழசு. நான் பிளம்பர் கிடையாது, ஆனா பிளம்பர் வேலை செய்யும்போது பக்கத்துல டார்ச் பிடிச்சுட்டு நின்னு நின்னு கொஞ்சம் கத்துக்கிட்டேன், மிச்சத்தைக் காசைத் தொலைச்சுக் கத்துக்கிட்டேன். புதுசா வீடு வாங்கி வாடகைக்கு விடப் போற ஆளுங்க எல்லாரும் சுத்திச் சுத்தி இதே கேள்விகளைத்தான் கேக்கிறாங்க, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன்.

ரிப்பேர் செலவு யாரோடது, ஓனரா, குடியிருக்கிறவரா?

முதல்ல அக்ரிமெண்ட்டைப் பாருங்க, அதுக்கும் மேல உங்க ஊர் வாடகைச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. சில இடத்துல எது ஓனர் வேலை, எது குடியிருக்கிறவர் வேலைன்னு சட்டத்துலயே பட்டியல் போட்டிருப்பாங்க. அப்படி இருந்தா நீங்க அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதிக்கிட்டாலும் அது செல்லாமப் போக வாய்ப்பு உண்டு.

ரெண்டுலயும் தெளிவா இல்லாத விஷயத்துக்கு நான் வெச்சிருக்கிற கணக்கு இதுதான்: சுவத்துக்குள்ள, தரைக்கு அடியில, மேல்டேங்க்ல இருக்கிறது எல்லாம் என் பொறுப்பு. வெளிய தெரியிற குழாய், ஃபிளஷ் டேங்க் சாமான், கீசர் இதெல்லாம் வயசாகிப் போச்சுன்னா நான், போட்டு உடைச்சிருந்தா அவங்க. வேஸ்ட் பைப்புக்குள்ள பொம்மையோ டயப்பரோ கிடைச்சா அவங்க, பைப்போட வாட்டமே சரியில்லாம அடைச்சா நான். குழாய் வாஷர் மாதிரி அஞ்சு நிமிஷ வேலைக்கு நான் யார் செலவுன்னே பேசுறதில்ல, நானே போட்டுக் குடுத்துடுவேன். பெருந்தன்மைன்னு நினைக்காதீங்க. அடுத்த கேள்விய படிச்சா ஏன்னு புரியும்.

தொட்டதுக்கெல்லாம் போன் பண்றாங்களே, என்ன பண்றது?

பண்ணட்டும். போன் பண்ணாத ஆளுகிட்டதான் எனக்குப் பயம்.

பழைய வீட்டுல ஒரு குடும்பம் இருந்தாங்க. ஒருநாள் ராத்திரி குழாய் சொட்டுதுன்னு கூப்பிட்டப்ப "இதுக்கெல்லாமா இந்நேரத்துக்கு"ன்னு கொஞ்சம் சலிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் பல மாசம் ஒரு கம்ப்ளைண்ட்டும் வரல, நானும் வீடு நல்லா ஓடுதுன்னு சந்தோஷமா இருந்தேன். வேற வேலையா அங்க போனப்ப சிங்க்குக்குக் கீழ கதவைத் திறந்தா ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி. கால்வாசி தண்ணி. மேல ஆங்கிள் வால்வு (சுவத்துல இருந்து குழாய்க்குத் தண்ணி போற சின்ன வால்வு) கழுத்துல பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்து, அதோட நுனியில ஒரு சொட்டு தொங்கிட்டே இருக்கு, விழ மாட்டேங்குது, அப்புறம் விழுது. வாளிக்கு அடியில இருந்த பிளைவுட் பலகை உப்பி, விரல் வெச்சா பிஸ்கட் மாதிரி உதிர்ந்து வந்துச்சு. "சின்ன விஷயம்தானே சார், உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு தினமும் காலைல வாளியைக் கொட்டிடுவோம்"னாங்க அந்தம்மா. வால்வு மாத்த பத்து நிமிஷம், ஆனா கேபினெட் அடிப்பலகை, பின்பலகை, பக்கத்து சுவத்துப் பூச்சு எல்லாத்தையும் மாத்த வேண்டியதாப் போச்சு. தப்பு முழுக்க என்னோடதுதான்.

அதனால இப்ப குடி வரும்போதே சொல்லிடுறேன், தண்ணி எங்க ஈரமா இருந்தாலும் ஒரு போட்டோ எடுத்து மெசேஜ் போடுங்க, ராத்திரி பன்னெண்டு மணியா இருந்தாலும் போடுங்க, அவசரமா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன். போனை விட மெசேஜ் நல்லது, தேதியோட பதிவா இருக்கும், பின்னாடி யார் எப்ப சொன்னாங்கன்னு சண்டை வராது.

எதெல்லாம் அவசரம், எதெல்லாம் காத்திருக்கலாம்?

நிறுத்த முடியாம ஓடுற தண்ணி, கரண்ட் சுவிட்ச்போர்டு பக்கம் கசிவு, வீட்டுல இருக்கிற ஒரே டாய்லெட் அடைப்பு, சாக்கடைத் தண்ணி திரும்பி மேல வர்றது, வீட்டுக்கே தண்ணி வராம போறது. இதெல்லாம் அன்னிக்கே பாக்கணும். கீசர் ஓடலங்கிறது ஊரோட குளிரைப் பொறுத்தது, கைக்குழந்தை இருந்தா அதுவும் அவசரம்தான். சொட்டு, மெதுவா இறங்குற வாஷ்பேசின், ஆடுற குழாய் எல்லாம் ரெண்டு மூணு நாள் தாங்கும். ரெண்டு மூணு நாள்தான் சொன்னேன், ரெண்டு மூணு மாசம் இல்ல.

நடுராத்திரி பைப் உடைஞ்சிருச்சுன்னு போன் வந்தா என்ன சொல்லணும்?

மெயின் வால்வை மூடச் சொல்லுங்க. இது ஒண்ணுக்காகவே குடி வர்ற அன்னிக்கு மெயின் வால்வு எங்க இருக்குன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டி, அவங்க கையாலயே ஒரு தடவை மூடித் திறக்க வைக்கணும். நான் வால்வு ஒவ்வொண்ணுலயும் ஒரு பிளாஸ்டிக் டேக் கட்டி "சமையலறை", "பாத்ரூம் 1", "மெயின்"னு அழியாத மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கேன். பதட்டத்துல இருக்கிற ஆளுக்கு இடதா வலதான்னே தெரியாது, அதனால எந்தப் பக்கம் திருப்பணும்னு ஒரு அம்புக்குறியும் போட்டுடுங்க.

வால்வு மூடினதும் கீசர் சுவிட்சை அணைக்கச் சொல்லணும், தண்ணி வராம கீசர் ஓடுனா ஹீட்டிங் காயில் போயிடும். அப்புறம் வீட்டுலயே தாழ்வா இருக்கிற குழாயைத் திறந்துவிடச் சொன்னா பைப்ல தங்கின தண்ணி உடைஞ்ச இடத்துல வராம அது வழியா இறங்கிடும். தண்ணி சுவிட்ச்போர்டு பக்கம் போயிருந்தா, ஈரத் தரையில நின்னுக்கிட்டு எந்த சுவிட்சையும் தொடக்கூடாது, காஞ்ச இடத்துல நின்னு மெயினை அணைக்க முடிஞ்சா அணைக்கட்டும், முடியலன்னா அந்த ரூமை விட்டு வெளிய வந்துடட்டும், ஆள் முக்கியம். இவ்வளவும் ஆனப்புறம் போட்டோ எடுக்கச் சொல்லுங்க, இன்சூரன்ஸ் இருந்தா அது உதவும்.

இன்னொண்ணு, வருஷக்கணக்கா தொடாத வால்வு அவசரத்துக்கு அசையாது, இல்ல பாதியில திருகு கழண்டு கையோட வந்துடும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லா வால்வையும் முழுசா மூடித் திறந்தா போதும், இறுகாது.

சுவத்துல ஓதம் அடிக்குது. எங்க இருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா வாடகை வீட்டுல நான் பாத்த வரைக்கும் அதிகமா காசு வீணாகிற இடம் இதுதான். பிளம்பர் வந்ததும் சுவத்தைத் தட்டிப் பாத்துட்டு "இங்கதான் சார்"னு சுத்தியல எடுப்பார். எடுக்க விடாதீங்க. ஒரு வாரம் பொறுத்தா தண்ணியே வந்து சொல்லும்.

தண்ணி வர்ற வழி மொத்தமே கொஞ்சம்தான். சுவத்துக்குள்ள போற சப்ளை பைப்புல ஓட்டைன்னா அதுல எந்நேரமும் பிரஷர் இருக்கும், அதனால ஈரம் காயவே காயாது, நாளுக்கு நாள் பரவும், எல்லாக் குழாயையும் மூடினாலும் வாட்டர் மீட்டர் நகரும். வேஸ்ட் பைப்புல கசிவுன்னா யாராவது தண்ணி ஊத்துனாத்தான் ஈரம், வீட்டுல ஆள் இல்லாத நாளுல காஞ்சுடும். பாத்ரூம் டைல்ஸ் இடுக்கை அடைக்கிற பூச்சு, அதான் கிரவுட், போயிருந்தா குளிக்கிற நேரத்துக்கு அப்புறம்தான் பக்கத்து ரூம் சுவர் கருக்கும். மழை பெஞ்சா மட்டும் வந்தா அது பிளம்பிங்கே இல்ல, வெளிச்சுவர் விரிசலோ மொட்டை மாடியோதான். தரையில இருந்து கிளம்பி இடுப்பு உயரத்துக்கு ஒரே மட்டமா கோடு போட்ட மாதிரி நின்னா மண்ணுல இருந்து ஏறுற ஈரம். அப்புறம் எல்லாரும் மறந்துடுற ஒண்ணு இருக்கு, காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவத்துல படியிறது, ஜன்னல் திறக்காத ரூம் மூலையில கறுப்பா பூஞ்சை வரும் பாருங்க, அது. சந்தேகமா இருந்தா ஒரு சாண் அகலத்துக்கு அலுமினியம் ஃபாயிலை நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டிட்டு ஒரு நாள் கழிச்சுப் பாருங்க, முன்பக்கம் வேர்த்திருந்தா காத்து ஈரம், பின்பக்கம் ஈரமா இருந்தா சுவத்துக்குள்ள இருந்து வருது.

தரை டைல்ஸா வேஸ்ட் பைப்பான்னு குழப்பம் வந்தா, ஈரத்துணியை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி தரையில தண்ணி வடியிற ட்ராப்போட வாயை அடைச்சு, ரெண்டு மூணு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நிறுத்தி, மட்டத்துல டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்க. மட்டம் சட்டுனு இறங்கி பக்கத்து சுவர் கருத்தா தரையிலதான் பிரச்சனை. இறங்காம இருந்து, அடைப்பை எடுத்துத் தண்ணியை விட்டதும் ஈரம் வந்தா பைப்.

ஒரு வீட்டுல பாத்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுச்சுவர் ஓதம். அவசரப்பட்டு ஷவருக்குக் கீழ அஞ்சு டைல்ஸ் உடைச்சோம், உள்ள காஞ்ச மணல். அதுக்கப்புறம்தான் புத்தி வந்து, குடியிருந்த பையன்கிட்ட ஒரு பென்சிலைக் குடுத்து தினமும் ராத்திரி ஈரத்தோட ஓரத்தைச் சுத்தி ஒரு கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னேன். ரெண்டு வாரத்துல அந்தச் சுவத்துல ஒண்ணுக்கு வெளிய ஒண்ணா கோடு விழுந்திருந்துச்சு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது, சனி ஞாயிறு மட்டும் ஒரு கை அகலம் வெளிய போகுது. சனி ஞாயிறுல அப்படி என்னப்பா பண்றீங்கன்னு கேட்டா, துணி துவைக்கிறோம் சார்னான். வாஷிங் மெஷின் அவுட்லெட் பைப் சுவத்துக்குள்ள திரும்புற எல்போ வளைவுல பைப் ஒட்டுற சொல்யூஷன் சரியா ஒட்டல, மெஷின் வேகமாத் தள்ளுற தண்ணி அதுல பீறிக்கிட்டு இருந்திருக்கு. ஒரே ஒரு எல்போ. உடைச்ச டைல்ஸுக்கு அதே டிசைன் கிடைக்காம இன்னிக்கும் அந்த அஞ்சு மட்டும் வேற கலர்ல இருக்கு.

சொட்டுக் குழாயால அப்படி என்ன பெருசா நஷ்டம் வந்துடப் போகுது?

நொடிக்கு ஒரு சொட்டுன்னு வெச்சுக்குங்க, ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. குழாய்ல இருந்து விழுற சொட்டு நாலு சேந்தா ஏறத்தாழ ஒரு மில்லி, அப்போ ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல, வருஷத்துக்கு எட்டாயிரம் லிட்டர் கிட்ட வருது. தண்ணி பில்லு ஒரு பக்கம் இருக்கட்டும், கீழ இருக்கிற பேசின்ல கறை விழும், உள்ள வாஷர் உக்காருற இடமே தேஞ்சு போய் அப்புறம் வாஷர் மாத்தினாலும் நிக்காது.

பழைய மாடல் திருகுக் குழாய்னா வாஷர் மாத்தினா சரியாயிடும். கால் சுத்து, அரைச் சுத்துல திறக்கிறதுன்னா உள்ள இருக்கிற கார்ட்ரிட்ஜை மாத்தணும். பழசை கழட்டி கையில எடுத்துட்டுப் போய் அதே அளவு வாங்குங்க, கண்ணளவுல வாங்கி ரெண்டு தடவை அலைஞ்சவன் சொல்றேன். இறுக்கி மூடினா சொட்டு நிக்கும்னு குடியிருக்கிறவங்க பலம் காட்டுவாங்க, அதுல வாஷர் இன்னும் நசுங்கி ஸ்பிண்டில்ங்கிற திருகுத் தண்டும் போயிடும், வேணாம்னு சொல்லி வைங்க.

தண்ணி பில் திடீர்னு எகிறிடுச்சு, ஆனா எங்கயும் ஒழுகல. எப்படி?

பத்துல எட்டு தடவை ஃபிளஷ் டேங்க்தான்னு என் அனுபவம். சத்தமில்லாம பீங்கானுக்குள்ள வழிஞ்சுக்கிட்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. டேங்க் தண்ணியில கொஞ்சம் ஃபுட் கலர் ஊத்தி, ஃபிளஷ் பண்ணாம கால் மணி நேரம் விடுங்க. கீழ பீங்கான்ல கலர் தெரிஞ்சா அடி ரப்பர் சீல் போயிருக்கு. டேங்க்ல தண்ணி மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயோட வாய் வரைக்கும் ஏறி வழிஞ்சா மிதவையையோ இன்லெட் வால்வையோ பாக்கணும். ரெண்டும் இல்லன்னா எல்லாக் குழாயையும் மூடிட்டு மீட்டர் ரீடிங் எடுத்து, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுங்க. நகர்ந்திருந்தா ஒவ்வொரு வால்வா மூடிப் பாத்து எந்த லைன்னு பிரிச்சுடலாம். மேல்டேங்க் இருக்கிற வீட்டுல இது சரியா வரணும்னா டேங்குக்குப் போற வால்வையும் மூடணும், இல்லன்னா டேங்க் நிரம்புறதைக் கசிவுன்னு நினைச்சுப்பீங்க.

அடிக்கடி அடைச்சுக்குது. ஆசிட் ஊத்தலாமா?

வேணாம். கடையில விக்கிற அடைப்பு நீக்கிகள்ல நிறைய காஸ்டிக் சோடாதான், தண்ணி பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், அடைப்பு நகராம அது அங்கயே நின்னா பைப்பும் ஜாயிண்ட்டும் இளகும். அதைவிட மோசம், ஒருத்தர் ஆசிட் ஊத்தியிருப்பார், இன்னொருத்தர் தெரியாம பிளீச்சிங் பவுடரைப் போடுவார், குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. ஏதாவது ஊத்தியிருந்தா பிளம்பர் கை வைக்கிறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லிடுங்க, அவர் முகத்துலதான் தெறிக்கும்.

சமையலறை சிங்க் அடைப்புல முக்காவாசி எண்ணெய்ப் பிசுக்கு. சூடா இருக்கும்போது ஓடிடும், பைப்புக்குள்ள போய் ஆறி கெட்டியாகிடும். பாத்ரூம்ல முடியும் சோப்பும். டாய்லெட்ல ஈர டிஷ்யூ, பாக்கெட்ல ஃபிளஷ் பண்ணலாம்னு போட்டிருந்தாலும் அது காகிதம் மாதிரி கரையாது. முதல்ல கையால அமுக்குற ரப்பர் பம்ப் அடிச்சுப் பாருங்க, அப்புறம் சிங்க்குக்குக் கீழ இருக்கிற பாட்டில் ட்ராப்பை வாளி வெச்சுக் கழட்டிக் கழுவுங்க, அதுக்கும் அசையலன்னா ஸ்பிரிங் கம்பி விடுற ஆளைக் கூப்பிடணும்.

ஒரே ஒரு பேசின் மட்டும் அடைச்சா அந்த வீட்டுக்குள்ள பிரச்சனை, ரெண்டு மூணு இடம் ஒரே நேரத்துல திணறினா வெளிய மெயின் லைன்லயோ, பைப்பெல்லாம் வந்து சேர்ற குழியான சேம்பர்லயோதான் பிரச்சனை. சுத்தம் பண்ணி ரெண்டே மாசத்துல அதே இடத்துல திரும்ப அடைச்சா குடியிருக்கிறவங்களைத் திட்டாதீங்க, வாட்டத்தைப் பாருங்க. வேஸ்ட் பைப்புக்கு ஒரு மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் சரிவு வேணும். நடுவுல தொய்ஞ்சு கிடந்தா எந்த மகராசன் குடி வந்தாலும் அடைக்கும்.

வீடு ரெண்டு மாசம் பூட்டிக் கிடந்துச்சு, இப்ப ஒரே நாத்தம். என்ன உடைஞ்சிருக்கும்?

ஒண்ணும் உடைஞ்சிருக்காது. ஒவ்வொரு ட்ராப்லயும் அஞ்சு சென்டிமீட்டர் போல தண்ணி நிக்கும், அதுதான் சாக்கடைக் காத்தை மறிக்கிற மூடி. ஆள் இல்லாத வீட்டுல அது ஆவியாகிப் போயிடும். எல்லா ட்ராப்லயும் ஒரு மக்கு தண்ணி ஊத்துங்க, அன்னிக்கே நாத்தம் போயிடும். அடுத்த ஆள் வர நாளாகும்னா தண்ணி மேல கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டு வைங்க, சீக்கிரம் வத்தாது. ஆள் இருக்கும்போதே நாத்தம் வந்து, தண்ணி இறங்கும்போது களக் களக்னு சத்தமும் கேட்டா சாக்கடைக் காத்து மேல போறதுக்கு வெச்ச வென்ட் பைப் அடைச்சிருக்கலாம்.

குளிர்ல தண்ணி உறையிற ஊர்ல வீடு பூட்டிக் கிடந்தா மெயினை மூடி லைனை முழுசா வடிச்சுடணும். தண்ணி உறைஞ்சா ஏறத்தாழ 9% பெருசாகும், பைப் தாங்காது. வெடிச்சதுகூட பனி இளகினப்புறம்தான் தெரிய வரும்.

கீசர் விஷயத்துல என்ன கவனிக்கணும்?

சேஃப்டி வால்வுல சொட்டுதுன்னு போன் வரும். சூடாகும்போது மட்டும் கொஞ்சம் சொட்டினா நல்லதுதான், தண்ணி சூடானா பெருசாகும், 20 டிகிரில இருந்து 60க்குப் போனா 100 லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் கூடும், அது வெளிய போக வழி வேணும்ல. சூடு இல்லாத நேரத்துலயும் சொட்டினா வால்வு போயிருக்கு, இல்ல லைன் பிரஷர் அதிகம். சொட்டுதேன்னு அந்த வால்வு வாயில யாராவது மூடி போட்டு அடைச்சிருந்தா உடனே எடுங்க, டேங்க் வெடிக்கிற அளவுக்குப் போகும். நான் ஒரு வீட்டுல மரக்கட்டையே செருகியிருந்ததைப் பாத்திருக்கேன்.

தெர்மோஸ்டாட் 60 டிகிரில இருக்கட்டும். ரொம்பக் கம்மியா வெச்சா வெதுவெதுன்னு நிக்கிற தண்ணியில லெஜியோனெல்லா மாதிரி கிருமி வளரும். அதே சமயம் 60 டிகிரி தண்ணி சில நொடியில தோலைச் சுட்டுடும், குழந்தைங்க, வயசானவங்க இருக்கிற வீட்டுல கலந்து விடுற மிக்ஸர் சரியா வேலை செய்யுதான்னு பாத்தே ஆகணும். டேங்க் உள்ள இருக்கிற மெக்னீசியம் ராடு டேங்குக்குப் பதிலா தான் கரையிறதுக்காகவே வெச்சது, உப்புத் தண்ணி வீட்டுல வருஷம் ஒரு தடவை கழட்டிப் பாத்து, மெலிஞ்சிருந்தா மாத்துங்க, டேங்க் ரொம்ப நாள் வரும். எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் கரண்ட் கட்.

பிரஷர் கம்மின்னு சொல்றாங்க. பம்ப் வாங்கணுமா?

ஒரே குழாய்ல மட்டும் கம்மின்னா நுனியில இருக்கிற வலையைத் திருகிக் கழட்டி வினிகர்ல ஊறப் போடுங்க, மணலும் உப்பும் அடைச்சிருக்கும். வெந்நீர் மட்டும் கம்மின்னா கீசர் பக்கம். வீடு முழுக்க கம்மின்னா மெயின் வால்வு பாதி மூடியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் கவலைப்படுங்க. மேல்டேங்க்ல இருந்து வர்ற வீட்டுல பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் பிரஷர்தான், அதனால மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிற வீட்டுல ஷவர் சொட்டத்தான் செய்யும், அங்க மட்டும் சின்ன பம்ப் நியாயம்.

பிரஷர் அதிகமா இருக்கிறதை யாரும் கம்ப்ளைண்ட் பண்ண மாட்டாங்க, ஆனா கனெக்ஷன் ஹோஸையும் வாஷரையும் கொல்றது அதுதான். அஞ்சரை பார் தாண்டினா பிரஷரைக் குறைக்கிற வால்வு போடணும். குழாயை சட்டுனு மூடும்போது சுவத்துக்குள்ள டொம்முனு சத்தம் வந்தா அசட்டையா விடாதீங்க, ஓடுற தண்ணி மோதுற சத்தம் அது, ஜாயிண்ட்டை மெல்ல மெல்ல அசைச்சுடும்.

பழைய இரும்பு பைப்பு. ஒட்டுப் போட்டு ஓட்டலாமா, மொத்தமா மாத்தணுமா?

ஜிஐ பைப்புல, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப்புல, முதல் ஓட்டை விழுந்தா ஒட்டுப் போடுங்க. ஒரு வருஷத்துக்குள்ள வேற இடத்துல ரெண்டாவது வந்தா கணக்கு முடிஞ்சுது, உள்பக்கம் முழுக்க துரு ஏறியிருக்கும், நீங்க பாத்தது ஆரம்பம்தான். ஆள் காலி பண்ணிட்டுப் போற இடைவெளியில மாத்துறதுதான் புத்திசாலித்தனம், குடும்பம் இருக்கும்போது சுவத்தை உடைச்சா அவங்களுக்கும் நரகம், வாடகையிலயும் கழிக்கச் சொல்வாங்க, சொல்றதும் நியாயம்.

வெந்நீர் லைனுக்கு சூடு தாங்குற பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசி போடணும், 93 டிகிரி வரைக்கும் தாங்கும். சாதா பிவிசி 60 டிகிரிலயே தளர்ந்துடும், கீசருக்குப் பக்கத்துல அதைப் போட்டவங்க இருக்காங்க. ஒட்டுற சொல்யூஷனும் அந்தந்த பைப்புக்கு உரியதா இருக்கணும். செம்பையும் ஜிஐயையும் நேரடியாச் சேத்தா ஜிஐ பக்கம் சீக்கிரம் அரிச்சுடும், நடுவுல பித்தளை ஃபிட்டிங் ஒண்ணு போடச் சொல்லுங்க. சுவத்தை மூடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம், லைன்ல சாதாரண பிரஷரை விட ஒன்றரை மடங்கு ஏத்தி சில மணி நேரம் கேஜ் முள் இறங்குதான்னு பாருங்க, அப்புறம் பக்கத்துல டேப் அளவு தெரியிற மாதிரி ஒவ்வொரு சுவத்தையும் போட்டோ எடுங்க. அந்த போட்டோ இல்லாம பின்னாடி யாராவது கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கிற இடத்துல சரியா பைப் இருக்கும்.

நல்ல பிளம்பரை எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வந்ததும் கேள்வி கேக்கிறவர் நல்லவர். எப்ப இருந்து, எப்பெல்லாம், வேற எங்கயாவதுன்னு கேக்காம நேரா சாமான் லிஸ்ட் எழுதுறவர்கிட்ட ஜாக்கிரதை. கழட்டின பழைய பார்ட்டைக் காட்டச் சொல்லுங்க, சலிச்சுக்காம காட்டுவார். ஆங்கிள் வால்வு மாட்டும்போது டெஃப்லான் டேப்பை எப்படிச் சுத்துறார்னு பாருங்க, மரைப் பக்கத்தை நமக்கு நேரா வெச்சுப் பாத்தா கடிகாரம் சுத்துற திசையில போகணும், எதிர்ப்பக்கம் சுத்தினா மாட்டும்போதே பிரிஞ்சுடும். கிடைச்சுட்டா காசைக் காத்திருக்க வைக்காதீங்க. ராத்திரி பத்து மணிக்கு அவர் போன் எடுக்கிறதுக்கு அதுதான் காரணமா இருக்கும்.

நானா போய் செக் பண்ணணுமா? எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு தடவை போதும், முன்கூட்டியே சொல்லி அவங்களுக்குத் தோதான நேரத்துல. சாவி இருக்குன்னு திறந்துட்டுப் போறது மகா தப்பு, பல ஊர்ல சட்டப்படியும் தப்பு. கையில ஒரு காஞ்ச டிஷ்யூ பேப்பர் எடுத்துட்டுப் போய் சிங்க், பேசின், கீசர் ஜாயிண்ட் எல்லாத்தையும் துடைச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத ஈரம் பேப்பர்ல தெரியும். பேசினை ரொப்பி ஒரே தடவையில திறந்து விடுங்க, சும்மா குழாயைத் திறந்து பாத்தா வேஸ்ட் ஜாயிண்ட் கசிவு தெரியாது. வலை பின்னின கனெக்ஷன் ஹோஸ்ல துரு புள்ளி இருந்தா, இல்ல அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா, யோசிக்காம மாத்திடுங்க. பாத்ரூம் மூலை கிரவுட். மேல்டேங்க் மிதவை, மூடி, ஓவர்ஃப்ளோ. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டேங்க் கழுவணும்.

பிளம்பிங்குக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்கணும்?

வீட்டு மதிப்புல வருஷத்துக்கு 1% மெயின்டனன்ஸுக்குன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அது பெயிண்ட்டு, கரண்ட்டு எல்லாம் சேத்து. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை கிடையாது, மனை விலை ஏறினா பைப் சீக்கிரம் துருப்பிடிக்குமா என்ன. நான் பாக்கிறது பைப்போட வயசு, பாத்ரூம் எத்தனை, தண்ணி எவ்வளவு உப்பு, இந்த மூணுதான். இதைப் பாத்து மாச வாடகையில ஒரு பங்கைத் தனி அக்கவுண்ட்ல போட்டுடுறேன், கீசர் ஒண்ணு மாத்துற காசு அதுல எப்பவும் இருக்கணும்.

காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிக்கலாமா?

குடி வந்த அன்னிக்கு எடுத்த வீடியோ இருந்து, உடைப்புன்னு தெளிவாத் தெரிஞ்சு, பில்லும் இருந்தா மட்டும். பத்து வருஷக் குழாயை உடைச்சுட்டாங்கன்னு புதுக் குழாய் முழுக் காசையும் பிடிக்கிறது அநியாயம், தேஞ்ச வருஷத்தைக் கழிச்சுட்டுத்தான் கேக்கணும். தேய்மானத்துக்குப் பிடிக்கவே கூடாது.

மேல் வீட்டுல இருந்து ஒழுகுது, ஆனா அவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க.

வாய்ச்சண்டையில வேலைக்காகாது. அவங்க சம்மதத்தோட அவங்க பாத்ரூம் தரையில கலர் கலந்த தண்ணியை நிறுத்துங்க, ஒரு நாள்ல உங்க கூரையில அந்தக் கலர் வந்தா பேச்சே வேணாம். கலர் வரலன்னா அவங்க சொன்னது சரியாவும் இருக்கலாம், ரெண்டு வீட்டுக்கும் பொதுவா போற ஷாஃப்ட் பைப்பைப் பாருங்க. செலவு அசோசியேஷனோடதா தனியாளோடதான்னு அதுக்கப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.

நான் வேற ஊர்ல இருக்கேன், எப்படிப் பாத்துக்கிறது?

நம்பிக்கையான பிளம்பர் ஒருத்தர் நம்பரை நேரடியா குடியிருக்கிறவங்ககிட்டயே குடுத்துடுங்க, இவ்வளவு தொகை வரைக்கும் என்னைக் கேக்காமலே வேலையை முடிச்சுடுங்கன்னு ஒரு அளவும் சொல்லிடுங்க. அதுக்கு மேலன்னா வீடியோ கால். வீடியோல சும்மா அங்கயும் இங்கயும் காட்டுவாங்க, ஒண்ணும் புரியாது. முதல்ல தள்ளி நின்னு முழுச் சுவர், அப்புறம் ஈரமான இடம், அப்புறம் அதுக்கு நேர் பின்பக்கமும் நேர் மேலயும் என்ன இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. வாஷிங் மெஷினை எப்ப போடுறாங்கன்னும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.